நின்ற இடத்தில் முப்பத்திரண்டு கிலோமீட்டர்

சுற்றுலா மேனேஜரின் கை ஈரமாக இருந்தது. கழுவிய ஈரம் இல்லை, வியர்வை ஈரம். அந்தக் கையால் மடிப்பு அக்காவின் இரண்டு கைகளையும் பொத்திப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். அதோடு விட்டாரா? கன்னத்தில் வேறு தட்டினார். நாற்பத்து நாலு வயதுக்காரியின் கன்னத்தில், பால் பல் முளைத்த பிள்ளையைத் தட்டுவது போல இரண்டு தட்டு. அக்கா சிரித்து வைத்தாள். பல்லைக் காட்டுவதற்கும் கடிப்பதற்கும் ஒரே வாய்தானே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. காது பிறவியிலேயே மந்தம். இருபது வயதில் மொத்தமாக அடைத்துக்கொண்டது. கண் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து முப்பத்தைந்தில் அணைந்தது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்பு அக்கா. ஒரு விரிப்பைக் கையில் எடுத்தால், எந்தச் சோப்பில் துவைத்தது, கறை போனதா, போனதாகச் சொல்லிக்கொள்கிறார்களா என்று மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவாள். சூப்பர்வைசருக்கு அவளைக் கண்டாலே பயம்.

உலகம் அவளுக்கு உள்ளங்கை வழியாகத்தான் வரும். மற்றவர்கள் அதில் விரலால் எழுத்து எழுத்தாக எழுத வேண்டும். அவள் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். எழுதுகிறவர்களில் முக்கியமானவள் தங்கை. ஒன்பது வருஷமாகச் செய்தித்தாள், டாக்டர், வானிலை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாமே அக்காவுக்கு அந்த ஒரு ஆள்காட்டி விரல்தான். அது சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. அந்த விரல் பொய் சொல்ல ஆரம்பித்தால் அக்காவுக்கு இந்த உலகத்தில் காலூன்ற ஓர் அடி இடம் கிடையாது. இது இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

தங்கை ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நாளெல்லாம் தட்டித் தட்டி அலுத்துப் போவதாலோ என்னவோ, அக்காவின் கையில் எழுதும்போது மகா சோம்பேறி. புள்ளி வைக்க மாட்டாள், கொம்பு போட மாட்டாள். பல் டாக்டர் நாளைக்குத்தான் வருவார் என்பது 'பல டகடர நளக' என்று வந்து சேரும். அதைப் படிக்கத் தனியாக ஒரு பட்டமே வாங்க வேண்டும்.

"புள்ளிக்கு வரியா போடுறாங்க? ஏன்டி இப்படிக் கஞ்சத்தனம் பண்ற?" என்று அக்கா கத்துவாள். தங்கை அதற்கும் பதில் எழுத மாட்டாள், முழங்கையால் ஓர் இடி இடிப்பாள். அதுவே பதில்.

இப்போது இருவரும் வந்திருப்பது ஒரு சைக்கிள் சுற்றுலாவுக்கு. கண்ணும் காதும் இல்லாத ஆறு பேர், அவர்களுக்குத் துணையாக ஆறு பேர், ஆறு இரட்டைச் சைக்கிள். முன் இருக்கையில் பார்வையுள்ள வேறொருவர் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடிப்பார். பின் இருக்கையில் இவர்கள் உட்கார்ந்து மிதிப்பார்கள். ஆற்றங்கரையோடு முப்பத்திரண்டு கிலோமீட்டர், கடைசியில் ஒரு ஏரி.

இதற்காக அக்கா ஊரில் ஆறு மாதம் பழகினாள். அவளோடு முன்னால் உட்கார்ந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "முன்னாள் டிரைவர், இந்நாள் முன்னாள்" என்று தன்னைப் பற்றி அவள் கையில் எழுதிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே அவள் தோளில் தட்டிச் சிரிப்பார். அப்படியென்றால் நான் பின்னாள் என்பாள் அக்கா. ஓடும்போது கையில் எழுத முடியாது. ஆகவே காலால் பேசிக்கொண்டார்கள். இரட்டைச் சைக்கிளில் இரண்டு பேர் பெடலும் சங்கிலியால் பிணைந்தவை. முன்னால் நின்றால் பின்னாலும் நிற்கும். ஒரு நிறுத்தம் என்றால் பிரேக். இரண்டு என்றால் இடது. மூன்று என்றால் வலது. பின்பக்கமாக ஒரு உதை என்றால் குழி வருகிறது, புட்டத்தைத் தூக்கிக்கொள் என்று அர்த்தம். கண் போன பிறகு அவள் போன இடமெல்லாம் யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன இடம்தான். இதில் மட்டும்தான் தன் காலால் தானே போனாள். தொடை கடுக்கக் கடுக்க, நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு கிலோமீட்டர் என்றபோது ஒரு வாரம் தூக்கம் வரவில்லை.

டிரைவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, வர முடியவில்லை. தங்கள் கால் பாஷையை ஒரு தாளில் எழுதிச் சுற்றுலாக்காரர்களுக்கு அனுப்பியிருந்தார். அந்த ஊர் ஜிம் வாத்தியார் ஒருவர்தான் அக்காவுக்கு முன்னாள். வாயில் புதினா மிட்டாய், அக்குளில் முந்தாநாள் பனியன்.

முதல் நாள் மாலை எல்லோருக்கும் ஒரு பனியன் கொடுத்தார்கள். நெஞ்சில் ரப்பர் மாதிரி எழுத்து தடித்துக்கொண்டிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டாள்.

"இருளை வென்றவர்கள்" என்று தங்கை வழக்கம்போலப் புள்ளியில்லாமல் எழுதினாள்.

"எந்த இருளை? எப்ப வென்னேன்? எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லையே!" என்றாள் அக்கா. அவள் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், தங்கை தொடையில் கிள்ளினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார், அவரும் இவளைப் போலவே கண்ணும் காதும் இல்லாதவர், மனைவியைத் துணைக்கு அழைத்து வந்திருப்பவர், அக்காவின் கையைத் தேடிப் பிடித்து "நமக்கு மெடல் உண்டா?" என்று எழுதினார். அவருடைய ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. அந்த மொழுமொழு விரலை அக்காவுக்கு உடனே பிடித்துவிட்டது.

மறுநாள் காலையில் மழை. விடுதி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள், சுளீர் சுளீரென்று விழுந்தது. தங்கை பக்கத்தில் வந்து "மழ" என்று எழுதினாள். பிறகு அறைக் கதவு திறந்தது. காப்பி வாடையும் நாலைந்து பேர் காலடி அதிர்வும் உள்ளே வந்தன. தங்கை தன் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். அக்காவுக்கு இதைப் போல அருவருப்பான விஷயம் உலகத்தில் வேறில்லை. அவளைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, அவளுக்கு எதிரிலேயே நடக்கிறது, அவள் மட்டும் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துத் தங்கையின் விரல் வந்தது. "மழை நின்னுடுச்சு. கிளம்பலாம்."

மழைக்கு இணைக்கொம்பு இருந்தது. நாலு புள்ளியும் இருந்தன, பரீட்சை பேப்பரில் வைப்பது போல ஒவ்வொன்றாக அழுத்தி. அக்காவின் உள்ளங்கை குறுகுறுத்தது. இந்தக் குறுகுறுப்பு அவளுக்குப் புதிதில்லை. ஆனால் ஆறு மாத ஆசை அவளைப் பிடித்துத் தள்ளியது. ஒன்றும் கேட்காமல் எழுந்து ஷூவை மாட்டினாள்.

மூன்று படி இறங்கினார்கள். நீளமாக நடந்தார்கள். தலையில் ஒரு சொட்டு விழவில்லை, காலடியில் சேறு இல்லை. ரப்பர் விரிப்பு, ஊறிப்போன காலுறை, தரை துடைக்கிற மருந்து, அதற்கடியில் பல வருஷ வியர்வை.

"சே, கொடலப் புரட்டுது. எந்த எடம்டி இது?"

"சைக்கிள் ஷெட்." மூன்று புள்ளியும் அச்சில் வார்த்தது போல விழுந்தன.

இருக்கையில் ஏற்றிவிட்டார்கள். முன்னால் புதினா வாடை வந்து உட்கார்ந்தது. பெடல் சுழன்றது, முகத்தில் காற்று அடித்தது, அக்காவின் நெஞ்சு துள்ளியது. பஸ் டிரைவரோடு கிளம்பினால் முதல் பத்தடி குடிகாரன் நடைதான். இங்கே ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. "பலே! கெட்டிக்கார முன்னாள்யா நீங்க!" என்று வாய்விட்டே பாராட்டினாள். பாவம், அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் பெடல் இரண்டு முறை நின்றது. இடது. அக்கா உடம்பைச் சாய்க்கத் தயாரானாள். சைக்கிள் சாயவில்லை. காற்றும் திரும்பவில்லை, மூக்குக்கு நேராகவே நின்று அடித்தது. சரி, லேசான வளைவு போலிருக்கிறது என்று நினைத்தாள். அப்புறம் மூன்று நிறுத்தம், வலது. அப்போதும் அதே காற்று அதே மூக்கில். வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே திரும்பி வந்து நேருக்கு நேர் நிற்கிற காற்றை அவள் கேள்விப்பட்டதில்லை.

பின்பக்கமாக ஒரு உதை. குழி! புட்டத்தைத் தூக்கினாள். குழி வரவில்லை. உட்கார்ந்தாள். மறுபடி உதை, மறுபடி தூக்கினாள், மறுபடி ஒன்றுமில்லை. அந்த மனுஷன் தாளில் இருந்ததை ஒரு வரி விடாமல் செய்துகொண்டிருந்தான். குழியைத் தவிர எல்லாம் இருந்தது. நாலாவது தடவை அக்கா எழுந்திருக்கவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றை முழுசாக உள்ளே இழுத்தாள். ஈரத் தூசி, சூடேறிய மோட்டார். சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக அவள் முதுகில் அடிக்கிற காற்று. துணி உலர்த்துகிற பெரிய ஃபேன்.

அப்போது பெடல் ஒருமுறை நின்றது. பிரேக். துணைக்கு வருகிறவர்கள் வேனில் பின்தொடர்வார்கள், நிற்கிற இடங்களில் வந்து வழியைச் சொல்வார்கள் என்று ஏற்பாடு. தங்கை வந்து கையைப் பிடித்தாள்.

"பாலம் வந்தாச்சு. கீழ ஆறு."

அடுத்த நொடி அக்காவின் முகத்தில் புஸ் புஸ்ஸென்று தண்ணீர்த் துளி விழுந்தது. ஆற்றுச் சாரலாம். உதட்டோரம் ஒரு துளி இறங்கியது; கசந்தது. கண்ணாடி துடைக்கிற மருந்து வைத்திருந்த பாட்டில். அதைக் கழுவக்கூட இல்லை. அக்கா ஆற்றைப் பார்த்துத் தூவென்று துப்பினாள். ஆறு யாருடைய கால் மேல் விழுந்ததோ தெரியாது.

அவள் காதில் பூச்சுற்றுகிறார்கள், கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள். கேட்காத காதுக்கும் தெரியாத கண்ணுக்கும் அதெல்லாம் வீண் வேலை என்பதுகூட இந்த ஜன்மங்களுக்கு உறைக்கவில்லை. இவர்களுக்கு அவள் என்ன? மிதிக்கச் சொன்னால் மிதிக்கிற ஒரு பொம்மை, படம் பிடிக்கச் சிரித்துக் காட்டுகிற ஒரு முகம். ஃபேனைப் போட்டால் போதும், ஊரைச் சுற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். இதை மேனேஜர் நினைக்கலாம், அவர் கை அப்படி. ஆனால் பாலம் வந்தாச்சு என்று எழுதியது மேனேஜரின் விரல் இல்லையே.

மறுபடி பெடல் சுழன்றது. ஜிம் வாத்தியார் இப்போது இறக்கத்தில் போகிறாராம், தலைதெறிக்க மிதித்தார். அவர் வேகமெடுக்கும்வரை அக்கா பொறுத்திருந்தாள். பிறகு பெடலிலிருந்து காலை எடுத்தாள். முழு வேகத்தில் ஓடுகிற சைக்கிளிலிருந்து, ஆற்றுக்கு மேலே, ஒரு கையால் பனியனை இழுத்துச் சரிசெய்துகொண்டே இறங்கி நின்றாள்.

காலடியில் வழவழப்பான தரை. குனிந்து தடவினாள். பின் சக்கரம் தரையில் படாமல் இரும்புத் தாங்கி மேல் நின்று விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது; கால் கனக்க வேண்டுமென்று அதில் ஓர் உருளையை வேறு அழுத்தி வைத்திருந்தார்கள். காற்று வந்த திசையில் நாலு எட்டு வைத்தாள். ஃபேன் கம்பியில் பிசுபிசுவென்று அழுக்கு விரலில் ஒட்டியது. முப்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அவளுக்குக் கிடைத்த ஆறு, பாலம், ஏரி எல்லாம் அந்தப் பிசுக்குதான்.

ஈரக் கை ஒன்று தோளைப் பிடித்தது.

"தொட்டீங்க, கடிச்சிடுவேன்!" என்றாள். கை பறந்துவிட்டது.

பக்கத்துச் சைக்கிளைத் தடவிக் கண்டுபிடித்தாள். மிதித்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தாள். நகமில்லாத விரல், கணக்கு வாத்தியார். அவருக்கு உடம்பெல்லாம் தெப்பமாக வியர்த்திருந்தது. அவர் உள்ளங்கையில் எழுதினாள்: "நாம நகரவே இல்ல."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கையை மட்டும் விடுவித்து அவளுக்குப் பதில் எழுதினார்.

"தெரியும். முதல் திருப்பத்துலயே தெரியும். என் பொண்டாட்டி சந்தோஷமா இருக்கா. கெடுக்காதீங்க. மிதிங்க."

எழுதி முடித்து, அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மறுபடி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் கை அவர் கை மேலேயே இருந்தது. படிப்பாளி, எண்பது மாணவர்களை ஒரு பார்வையில் அடக்கியிருப்பார், இப்போது பொண்டாட்டியின் மனம் கோணாமல் இருக்க ஃபேனுக்கு எதிரில் ஆற்றங்கரையை ரசித்துக்கொண்டிருக்கிறார். மேனேஜரின் வியர்வையைவிட, உதட்டில் கசந்த மருந்தைவிட, இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தாங்காததற்குக் காரணம் இருந்தது. அவளும் அதே ஜாடிக்குள் ஊறிய ஊறுகாய்தான். தங்கை உண்மைக்குச் சோம்பேறி, பொய்க்கு மட்டும் சுத்தமாக எழுதுகிறாள் என்று கவனிக்காமலா இருந்தாள் ஒன்பது வருஷம்? புள்ளி விழும்போதெல்லாம் கை குறுகுறுத்தது, குறுகுறுத்தபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டாள். ஊர் முழுக்க வாயாடி என்று பெயர், அந்த ஒன்றை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் விரல் நின்றுவிடுமோ என்ற பயம். மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி மூன்று நாள் கழித்து, தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள்: "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க." அதில் ஐந்து புள்ளி. ஐந்தும் இருந்தன. அக்கா அதை நம்பவில்லை. நம்பியது போல அழுதாள்.

தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவளும் இத்தனை வருஷமாக மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

தங்கை ஓடிவந்து கையைப் பறித்தாள். விரல் புள்ளியும் கொம்பும் இல்லாமல் தடதடவென்று எழுதியது. "கோவப்படாத. மழை நிக்கல. ரத்து பண்றேன்னாங்க. நீ எவ்வளவு ஆசப்பட்ட."

"ஆசப்பட்டது ரோட்டுக்குடி. ஃபேனுக்கு இல்ல."

"உனக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னாங்க."

"அவங்க சொல்வாங்க. நீ என்ன சொன்ன?"

விரல் அவள் கை நடுவில் வந்து நின்றது. நகரவில்லை. பின்னால் ஐந்து சைக்கிள்கள் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன, அந்த அதிர்வு தரை வழியாக அவள் பாதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"சரி, அத விடு. அம்மா எப்படிச் செத்தாங்க?"

தங்கை கையை இழுக்கப் பார்த்தாள். அக்கா விடவில்லை. ஈர விரிப்பைப் பிழிந்து பழகிய கை, அதிலிருந்து உருவிக்கொண்டு போக முடியாது.

"எழுது."

"ஆஸ்பத்திரி. மூணு நாள்."

"நினைவு இருந்ததா?"

"இருந்தது."

"என்னக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க" என்று வந்தது. "ரெண்டாவது நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"அப்புறம் ஏன்டி என்னக் கூட்டிட்டுப் போகல?"

தங்கை ஏதோ எழுத ஆரம்பித்தாள். எழுதியதை அழிப்பது போல உள்ளங்கையைத் தேய்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"நீ வந்து என்ன பாக்கப் போறேன்னு நெனச்சேன்."

அக்கா அதை ஒருமுறைதான் படித்தாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். அம்மாவின் கை அங்கேதான் இருந்திருக்கும், மூன்று நாளும். அவளுக்குப் பார்ப்பது என்றால் அதுதான் என்று தங்கைக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒரு ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளங்கையை 'இருளை வென்றவர்கள்' பனியனில் அழுந்தத் துடைத்தாள், கறை போகாத துணியைத் தேய்ப்பது போல ஒருமுறை, மறுமுறை. தங்கை தோளைத் தொட வந்தாள், தட்டிவிட்டாள். இந்த விரலை இனிமேல் நம்ப முடியாது. இதை விட்டால் வேறு விரலும் கிடையாது. இரண்டும் அவளுக்குத் தெரிந்தது. எது அதிக அருவருப்பு என்றுதான் தெரியவில்லை.

அந்த வழவழத்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தங்கையின் கையைப் பிடித்து எதிரில் இழுத்து உட்கார வைத்தாள். துடைத்த கையை விரித்து மடியில் வைத்தாள்.

"வேற என்னென்ன இருக்கு? ஒண்ணு விடாம எழுது."